பெட்டியடிப் பையனும் வல்லரசின் வீழ்ச்சியும்

ஒரு வல்லரசு விழுவதைத் தமிழில் படிக்கணும், என்ன படிக்கலாம் என்று யாராவது கேட்டால் இரண்டு நாவல்களைச் சொல்வேன். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, ஜெயமோகனின் ‘பின்தொடரும் நிழலின் குரல்’. முதலாவது புத்தகமாக வந்தது 1972இல், இரண்டாவது 1999இல். இரண்டைப் பற்றியும் தனித்தனியாக நிறையப் பேசியாச்சு. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு இரண்டுமே கொஞ்சம் வேறு மாதிரி தெரிந்தன. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இப்போ எதுக்கு இது என்றால், கடந்த ஒன்றிரண்டு வருஷமாக என் டைம்லைன் முழுக்க அமெரிக்கா விழுந்துகொண்டே இருக்கிறது. காலையில் டாலர் சாகிறது, மத்தியானம் பிரிக்ஸ் எழுகிறது, ராத்திரி யாரோ ஒருவர் வரைபடத்தில் அம்புக்குறி போட்டு மலாக்கா நீரிணையை விளக்குகிறார். ‘பல்முனை உலகம்’ என்ற சொல்லை டீக்கடையிலேயே கேட்டுவிட்டேன். இதில் பாதி உண்மையாகவும் இருக்கலாம். எனக்கு அந்தப் பேச்சில் இருக்கிற தொந்தரவு வேறு. அந்த மொழியில் யாருக்கும் வேலை இல்லை, கடன் இல்லை, வாடகை இல்லை. நாடுகள் மட்டும்தான் இருக்கின்றன. அவை கபடி ஆடுகின்றன, நாம் கேலரியில் உட்கார்ந்திருக்கிறோம். இப்படி ஒரு மொழியில் யோசிக்கப் பழகிய தலைமுறை எந்த மாதிரி நாவல் எழுதும் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கு.

சிங்காரம் கேலரியில் உட்காரவில்லை. 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர், 18 வயதில் சுமத்ராவின் மெடான் நகரத்துக்கு வேலைக்குப் போனார். போரைப் பார்த்தார். 1946இல் ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். இரண்டே நாவல்கள். ‘கடலுக்கு அப்பால்’, அப்புறம் ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டாவது நாவல் மெடானுக்குள் ஜப்பானியப் படை நுழைவதில் தொடங்குகிறது. 1942 மார்ச். டச்சுக்காரன் முந்நூறு வருஷமாக அந்தத் தீவுக்கூட்டத்தில் காலூன்றி நின்றவன். பிப்ரவரி 15ஆம் தேதிதான் சிங்கப்பூரில் பிரிட்டிஷார் சரணடைந்திருந்தார்கள். ஆசியாவில் வெள்ளைக்காரன் ஆட்சி என்ற ஏற்பாடு சில வாரங்களில் பிளந்துபோகிறது. அதை நாவல் எங்கிருந்து காட்டுகிறது? தெருவிலிருந்து. வேடிக்கை பார்க்க நிற்கிற கூட்டத்துக்குள்ளிருந்து.

அந்தக் கூட்டத்தில் நிற்கும் தமிழர்கள் யார் என்று பார்க்கணும். வட்டிக்கடை ஆட்கள். முதலாளி ஊரில் இருப்பார். கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஓர் ஏணி. மூன்று வருஷக் கணக்குக்குப் போய், கணக்கு முடித்து, ஊர் திரும்பி, மறுபடி கப்பல் ஏறுகிற வாழ்க்கை. இந்த ஆட்களுக்கு சாம்ராஜ்யம் என்பது கொடியோ கீதமோ கிடையாது. கொடுத்த கடன் திரும்ப வருமா, பத்திரம் செல்லுமா, கோர்ட்டு நடக்குமா, நாளைக்கு எந்த நோட்டு ஓடும் என்பதுதான். வட்டிக்கடைக்காரன் ஓர் அரசின் ஆயுளை விற்று வாழ்பவன். அரசு நீடிக்கும் என்ற நம்பிக்கையைத்தான் அவன் வட்டிக்கு விடுகிறான். அதனால் அரசு தள்ளாடுவது அவனுக்குத்தான் முதலில் தெரியும், பேப்பர்காரனுக்கு முன்னாடியே.

ஜப்பானியர் தாங்கள் பிடித்த நாடுகளில் சொந்தமாக நோட்டு அடித்தார்கள். மலாயாவில் அதற்கு வாழைமர நோட்டு என்றே பேர், படம் அப்படி. 1945இல் அது வெறும் காகிதமாச்சு. மூன்றரை வருஷத்துக்குள் இரண்டு முறை உலகம் மாறியதை அந்தப் பெட்டியடிப் பையன் கல்லாவுக்குள்ளேயே பார்த்திருப்பான். சிங்காரத்தின் நாவல் முழுக்க ஓடுகிற அந்தக் கிண்டல், எதையும் முழுசாக நம்பாத அந்தக் குரல், இங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன். பலரும் அதை அவருடைய மனப்போக்கு என்கிறார்கள், விரக்தி என்கிறார்கள். எனக்கு அது தொழில் தந்த அறிவு. தமிழ்ப் பெருமை, சங்க இலக்கியம், நேதாஜி, புரட்சி எல்லாமே அந்த நாவலில் ஒரு கணம் உச்சிக்குப் போய் அடுத்த கணம் தரையில் விழுகின்றன. எல்லாமே நோட்டுதான், எவ்வளவு நாள் ஓடும் என்று பார்ப்போம் என்கிற பார்வை.

நாவலின் பேருக்குக் காரணமான கடல் பயணத்தை எடுத்துக்கொள்வோம். சரக்கு ஏற்றிய தொங்கானில் வியாபாரிகள் போகிறார்கள். உலகப் போர் நடக்கிறது, கடலில் சட்டம் இல்லை, இவர்களுக்குச் சரக்கு போய்ச் சேரணும். புயல் வருகிறது. தமிழில் எழுதப்பட்ட பெரிய காட்சிகளில் ஒன்று அது. அதை வாசிக்கிறவர்கள் இயற்கை, மரணம், இருத்தல் என்று போய்விடுகிறார்கள். போகட்டும், இடம் இருக்கு. அந்தப் படகில் இருப்பது சரக்கு என்பதை மட்டும் மறக்கக்கூடாது. போரின் நடுவில் வியாபாரம் நிற்கவில்லை, வழியை மாற்றிக்கொண்டது. உலக ஒழுங்கு மாறுகிறது என்று நாம் பெரிசாகச் சொல்கிறோமே, அது தரையில் நடக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பழைய வழி அடைபட்டு, சரக்கு வேறு வழியில் போகும். போகிற வழியில் சிலர் சாவார்கள்.

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ இதே வகையின் இன்னொரு நல்ல உதாரணம். நிஜாமின் ஹைதராபாத் ராஜ்யம் 1948இல் முடிகிறது, பையனுக்குக் கிரிக்கெட் கவலை. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுதணும், இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன்.

ஜெயமோகனின் நாவல் நேர் எதிர்த் திசையில் இருந்து வருகிறது. சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்தது. 25ஆம் தேதி கோர்பசேவ் விலகினார், செங்கொடி இறங்கியது. எட்டு வருஷத்தில் தமிழில் இப்படி ஒரு பெரிய நாவல் வந்தது சாதாரண விஷயமில்லை. தொழிற்சங்கத் தலைவன் அருணாசலம், கட்சி ஒதுக்கிவைத்து மறந்துபோன வீரபத்ர பிள்ளையின் எழுத்துக்களைக் கண்டெடுக்கிறான். அதன் வழியாக புகாரின் வருகிறார். 1938 மார்ச்சில் ஸ்டாலினின் விசாரணை மன்றம் சாகடித்த புகாரின். அவர் கடைசியாக எழுதிய கடிதத்தை மனைவி அன்னா லாரினா மனப்பாடம் செய்து பல ஆண்டுகள் தலைக்குள்ளேயே வைத்திருந்தார். 1988இல்தான் சோவியத் அரசு புகாரின் குற்றமற்றவர் என்றது. அரை நூற்றாண்டு.

நாவலின் பலம் எங்கே என்றால், இந்த ரஷ்யக் கதையை அது நம் தெற்குத்தி மரபில் கொண்டுவந்து நட்டுவிடுகிறது. அநியாயமாகக் கொல்லப்பட்டவர் தெய்வமாகி, படையல் கேட்டு, கொன்றவன் வம்சத்தைத் தொடர்ந்து வரும் கதைகள் திருநெல்வேலி, குமரிப் பக்கம் எத்தனையோ. வில்லுப்பாட்டில் பாடுவார்கள். இந்த நாவலில் புகாரினும் வீரபத்ர பிள்ளையும் அப்படித்தான் வருகிறார்கள், கணக்குத் தீர்க்கப்படாத சாவுகளாக. இலட்சியத்தின் பேரில் கொன்றவர்களுக்கு யார் பதில் சொல்வது? இலட்சியமே தோற்றபிறகு அந்தச் சாவுகள் எதற்காக? இந்தக் கேள்வி சிங்காரத்திடம் கிடையாது. அவர் கிண்டலுக்கு அது எட்டாது. வெளியான காலத்தில் இடதுசாரி நண்பர்கள் இதை அவதூறு என்றார்கள். இன்றைக்கு மறுபடி வாசித்தால், சோவியத்தை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்ட தமிழ்ப் படைப்பு வேறு எது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. எதிரியாக இருந்தால் இத்தனை பக்கம் துக்கம் கொண்டாடியிருக்க மாட்டார்.

ஆனால் ஒன்று. அந்த நாவலில் மாஸ்கோ நம்மூருக்கு வந்து சேர்வது முழுக்கக் காகிதம் வழியாக. புத்தகம், கையெழுத்துப் பிரதி, கடிதம், நாடகம், கவிதை. வீழ்ச்சி மனசாட்சியில் நடக்கிறது. சோவியத் இருந்ததாலும் இல்லாமல் போனதாலும் கூலியிலும் சரக்கிலும் என்ன ஆச்சு என்பது அதன் அக்கறை இல்லை. ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் அதே வீழ்ச்சியை ரஷ்ய சமையலறைகளில் உட்கார்ந்து கேட்டு எழுதினார். அங்கே இலட்சியமும் வருகிறது, மாமிசக்கடை விலையும் வருகிறது. நம்மிடம் பாதிதான் வந்தது.

மீதிப் பாதி நம்மூரில் இல்லையா என்ன? நான் இருப்பது திருமழிசையில். ஊரைச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. இங்கிருந்து பூந்தமல்லி வழியாக வடக்கே போனால் ஆவடி. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் தொடங்கியது. 1965இல் முதலில் செய்த டாங்க் விஜயந்தா, அது பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனி வடிவம். சாம்ராஜ்யம் போய்விட்டது, அதன் வரைபடம் மட்டும் லைசென்ஸில் இருந்தது. 80களில் அதே ஆலை சோவியத்தின் டி-72க்கு மாறியது, நாம் வைத்த பேர் அஜேயா. அந்த நாடே கலைந்த பிறகு ரஷ்யாவின் டி-90, அதற்குப் பேர் பீஷ்மா. நடுவில் நம் சொந்த வடிவமான அர்ஜுன், அதற்கு ஜெர்மன் என்ஜின். 2021 அக்டோபரில் ஆலையே அரசுத் துறையிலிருந்து நிறுவனமாக மாறியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி உலக வரலாற்றை ஒரே ஆலையின் உற்பத்திப் பட்டியலாகப் படிக்கலாம். அதில் எந்த இடத்திலும் ஒரு கதாபாத்திரம் இல்லை. நாவல் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

1991க்குப் பிறகு சோவியத் ஆயுதம் வைத்திருந்த எல்லோருக்கும் வந்த பிரச்சனை உதிரிபாகம். ஒரே நாடாக இருந்தது பதினைந்து நாடுகளாச்சு. ஒரு பாகம் ரஷ்யாவில், இன்னொன்று உக்ரைனில். 50களில் தொடங்கி ரூபாயிலேயே நடந்த வியாபாரம் டாலர் கேட்க ஆரம்பித்தது. டாலர் நம்மிடம் எங்கே இருந்தது? அதே 1991 ஜூலையில்தான் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை அடகு வைத்தது. யாரிடம்? இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும். 1942இல் சிங்கப்பூரில் தோற்றவரும் ஜெயித்தவரும் அரை நூற்றாண்டு கழித்துப் பக்கத்துப் பக்கத்தில் அடகுக்கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நாம் நகையோடு போய் நிற்கிறோம். சிங்காரம் அப்போது மதுரையில் உயிரோடுதான் இருந்தார், 1997 வரை. அவர் இதை எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து நானே சிரித்துக்கொண்டதுண்டு.

ஆவடியிலிருந்து கிழக்கே கொஞ்சம் போனால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. நட்டும் போல்ட்டும் செய்கிற பட்டறைகளுக்கு நடுவில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ். சோவியத்தின் இன்னொரு சரக்கு தமிழனுக்கு வந்து சேர்ந்தது இவர்கள் வழியாக. இங்கே படிக்கிற பலருக்கு அப்பாவின் அலமாரியில், இல்லாவிட்டால் பழைய புத்தகக் கடையில் அந்தப் புத்தகங்கள் கண்ணில் பட்டிருக்கும். கெட்டி அட்டை, முன்னேற்றப் பதிப்பகம் அல்லது ராதுகா, மாஸ்கோ. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் எல்லாம் மாஸ்கோவில் உட்கார்ந்து தமிழாக்கியவர்கள். ஒரு வல்லரசு சம்பளம் கொடுத்து ஆள் வைத்து தமிழில் டால்ஸ்டாயும் தஸ்தயேவ்ஸ்கியும் ஐத்மாத்தவும் அச்சடித்துக் கப்பலில் அனுப்பியது. டீ செலவுக்கு ஒரு நாவல் கிடைத்தது. நம்முடைய எந்த அரசும் நமக்கு இதைச் செய்ததில்லை.

அந்த அரசு என்ன நினைத்து அனுப்பியதோ, நாம் வாங்கிக்கொண்டது வேறு. கட்சி வரலாறும் தீர்மானத் தொகுப்பும் அலமாரியில் தூசி படிந்தன. கிருஷ்ணையா தமிழாக்கிய ‘வெண்ணிற இரவுகள்’ கை மாறிக்கொண்டே இருந்தது. பீட்டர்ஸ்பர்கில் நாலு ராத்திரி தனியாகச் சுற்றுகிற ஒருவனைப் புரட்சியின் தூதுவன் என்று யாராலும் சொல்ல முடியாது. எஸ்.பி. ஜனநாதன் அதை எடுத்து 2003இல் ‘இயற்கை’ செய்தார். பத்து வருஷம் கழித்தும் இறந்த நாட்டின் ஒரு புத்தகம் ராமேஸ்வரம் மாதிரியான ஒரு கடற்கரையில் காதல் படமாகிறது. 2009இல் ‘பேராண்மை’. அது பரீஸ் வஸீலியெவின் நாவலிலிருந்து வந்தது. சோமசுந்தரம் தமிழில் ‘அதிகாலையின் அமைதியில்’ என்று தந்த நாவல். ஒரு படைத்தலைவன், ஐந்து பெண்கள், காடு, ஊடுருவும் எதிரி.

‘பேராண்மை’யில் ஒரு மாற்றத்தைக் கவனிக்கணும். வஸீலியெவிடம் எதிரிக்கு நாடு இருக்கிறது, ஜெர்மன் பாராசூட் படை. ஜனநாதனிடம் எதிரிக்கு நாடு இல்லை, ராக்கெட்டைத் தகர்க்க வந்த வெளிநாட்டுக் கூலிப்படை. யார் அனுப்பினார்கள் என்பது மூட்டமாகவே இருக்கு. எனக்கு இது கதையின் பலவீனமாகப் படவில்லை. இரண்டு வல்லரசு இருந்தபோது எதிரிக்கு முகவரி இருந்தது. ஒன்று விழுந்த பிறகு எதிர்ப்பு இருக்கிறது, கோபம் இருக்கிறது, எங்கே கடிதம் போடுவது என்று தெரியவில்லை. படத்தில் நாயகன் வகுப்பெடுத்து அரசியல் பொருளாதாரம் சொல்லித் தருகிறான். அந்த வசனம் தியேட்டரில் கைதட்டல் வாங்கியது. மாஸ்கோவில் அதற்குள் அந்தப் பாடத்தைத் தூக்கிப்போட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

அந்தக் குழாய் வழியாக வராதவையும் உண்டு. சோல்செனித்சின் வரவில்லை. வஸீலி கிராஸ்மனின் பெரிய நாவல் வரவில்லை. முகாம்கள் வரவில்லை, புகாரின் வரவில்லை. தமிழ் வாசகர் ஒரு தலைமுறை முழுக்க ரஷ்ய ஆன்மாவை வாசித்தார்கள், ரஷ்யச் சிறையைப் பெரும்பாலும் வாசிக்கவில்லை. இப்படிப் பார்த்தால் ‘பின்தொடரும் நிழலின் குரல்’ என்பது முன்னேற்றப் பதிப்பகம் நமக்கு அனுப்பாத புத்தகம். அனுப்பப்படாததை இங்கே ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். அதில் வரும் துக்கத்தின் அளவைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்னால் நாற்பது வருஷம் எவ்வளவு அன்போடு அந்தப் புத்தகங்களை வாங்கி வைத்திருந்தோம் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். நம்பி வாங்கிய கடையில் எடை குறைத்தால் வருகிற கோபம் வேறு.

சோவியத் கலைந்ததோடு மாஸ்கோவின் தமிழ்ப் பிரிவும் முடிந்தது. எங்க ஊர் ஆழ்வாருக்கு ஒரு கதை உண்டு, பலருக்குத் தெரிந்திருக்கும். காஞ்சியில் பல்லவ ராஜா தன்னைப் பாடச் சொல்ல, திருமழிசையாழ்வாரின் சீடன் கணிகண்ணன் மறுத்தான். ராஜா அவனை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடன் போனதால் ஆழ்வார் கிளம்பினார், கிளம்பும்போது கோயிலில் படுத்திருந்த பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். பெருமாளும் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊர் இருண்டது. ராஜா ஓடிப்போய்க் காலில் விழுந்து கூட்டி வந்தான். இடையில் ஒரு ராத்திரி அவர்கள் தங்கிய இடம் ஓரிருக்கை. இன்றைக்கும் ஓரிக்கை என்று ஊர் இருக்கிறது. ஒரு ராத்திரிக்கு ஓர் ஊர்ப்பேர். ஆவடியிலும் அம்பத்தூரிலும் சோவியத் எத்தனை வருஷம் தங்கியது, என்ன பேர் மிச்சம் இருக்கு என்று கணக்குப் பார்த்தால், ‘தோழர்’ என்ற சொல்லும் சில பையன்களுக்கு வைத்த ஸ்டாலின், லெனின் பேர்களும்தான். அந்தப் பையன்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சரி, அமெரிக்கா. அது விழுகிறதா இல்லையா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல ஆசையில்லை. பெட்டியடிப் பையனைப் போல எந்தச் சரக்கு எந்த வழியில் போகிறது என்று பார்க்கலாம். திருமழிசையைத் தொட்டுக்கொண்டு போகிற பெங்களூர் ஹைவேயில் ஷிஃப்ட் மாறுகிற நேரம் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்குகிற பெண்கள், இருபதைத் தாண்டியவர்கள், கழுத்தில் அடையாள அட்டை. மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். அங்கே 2006இல் நோக்கியா வந்தது, 2014 நவம்பரில் மூடியது. இப்போது ஃபாக்ஸ்கானில் ஐபோன் பூட்டுகிறார்கள். அமெரிக்கக் கம்பெனிக்காகத் தைவான் கம்பெனி, சீனாவை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்ற முடிவால் இந்தியாவில் பூட்டுகிற போன். டைம்லைனில் ‘உலக ஒழுங்கு மாறுகிறது’ என்று எழுதுகிறார்களே, அதன் முழு வாக்கியமும் அந்த பஸ்ஸில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போகிறது.

2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்த அந்த ஆலைப் பெண்கள் கெட்டுப்போன சாப்பாட்டால் கூட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோழிகளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டு இதே ஹைவேயில் உட்கார்ந்தார்கள். போக்குவரத்து நின்றது, ஆலை மூடியது, ஜனவரியில்தான் திறந்தது. உலகத்தின் பெரிய பத்திரிகைகள் எல்லாம் எழுதின. 2025 ஏப்ரலில் டிரம்ப்பின் வரி வருவதற்கு முன்னால் சரக்கு விமானங்களில் 600 டன் ஐபோன் இந்தியாவிலிருந்து பறந்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது. சென்னை விமான நிலையத்தில் சுங்கச் சோதனைக்கு 30 மணி நேரம் ஆவதை 6 மணி நேரமாகக் குறைத்தார்களாம். வல்லரசின் தலைவர் ஓர் அறிவிப்புக் கொடுக்கிறார், இங்கே ஒருத்திக்கு ஓவர்டைம் விழுகிறது. அந்த ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு வரி 50 சதவீதமானது. திருப்பூரும் ஆம்பூரும் தவித்தன. போனுக்கு விலக்கு. ஒரே உலக ஒழுங்கு, இரண்டு ஊரில் இரண்டு விதமான மாசக் கடைசி.

இதை எழுத எந்த நாவலின் வழியைப் பிடிப்பது? சிங்காரத்தின் வழியைத்தான் பிடிக்கணும் என்று முதலில் நினைத்தேன், இப்போதும் பெரும்பாலும் அதுதான் என் கட்சி. நோட்டு, சரக்கு, ஏணி, சம்பளம், கிண்டல். ஆனால் அவர் நாவலில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால் சங்கடம்தான். பாண்டியனின் உலகம் ஆண்கள் விடுதி. அங்கே பெண் என்பவள் தாசித்தெருவிலும் ஊர் நினைப்பிலும் மட்டும்தான். இப்போது உலகச் சரக்கைக் கையில் தொடுகிறவர்களோ பெண்கள். மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பல் ஏறிய பையனின் இடத்தில் இன்றைக்குத் திருவண்ணாமலையிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ ஒப்பந்தத்துக்கு வருகிற பெண் இருக்கிறாள். அவளுக்கும் ஏணி உண்டு. லைன் லீடர், சூப்பர்வைசர், மேலே யாரோ சீன மொழி பேசுகிறவர். அந்த ஏணியைச் சிங்காரம் வட்டிக்கடை ஏணியை எழுதியது மாதிரி, சொல் சொல்லாக, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது வரைக்கும் எழுதணும்.

ஜெயமோகனின் கேள்வியும் அங்கே செல்லும். யாருடைய சாவுக்கு யார் பதில் என்பது கட்சி ஆபீஸில் மட்டும் கேட்கிற கேள்வி இல்லை. சோவியத்தின் பேரில் கொன்றவர்கள் அதை நம்பினார்கள், அதனால் குற்றவுணர்ச்சிக்கு ஒரு முகவரி இருந்தது. டாலரின் உலகத்தில் யாரும் எதையும் நம்பச் சொல்வதில்லை. விடுதிச் சாப்பாட்டை ஒரு காண்டிராக்டர் போட்டார், விடுதியை இன்னொருவர் நடத்தினார், ஆள் எடுத்தது வேறு ஏஜென்சி. அருணாசலம் மாதிரி ஒருவன் எந்தப் பழைய காகிதத்தைத் தேடிப்போவான்? வருகைப் பதிவேட்டையா?

சிங்காரம் அந்த நாவலை எழுதி முடித்தது 1962 வாக்கில். புத்தகமாக வரப் பத்து வருஷம் ஆச்சு. வந்த பிறகும் நல்ல வாசகர்கள் கைக்குப் போய்ச் சேர இன்னும் ரொம்ப நாள். அப்புறம் அவர் எழுதவே இல்லை. இன்றைக்கு அந்த பஸ்ஸில் போகிற ஒருத்தி போனில் தட்டித் தட்டி நானூறு பக்கம் எழுதி நமக்கு அனுப்பினால் நாம் என்ன சொல்லுவோம் என்று நினைத்துப் பார்க்கிறேன். ‘நல்லாருக்கும்மா, அனுபவம் இருக்கு, ஆனா பார்வை எங்கே?’ என்போம். ஜியோபாலிடிக்ஸ் இல்லையே என்போம். கேண்டீன் மெனுவை இவ்வளவு நீளமாக எழுதணுமா, வெட்டலாமே என்போம். நானும்தான் சொல்லியிருப்பேன், போன மாசம் வரைக்கும். மெடான் வட்டிக்கடையில் யாருக்கு எந்தப் பாயில் படுக்கை, யார் முதலில் குளிப்பது என்ற பக்கங்களை மறுபடி வாசித்த பிறகு, அந்த மெனுவை வெட்டாமல் அனுப்பச் சொல்லுவேன்.